பொற்கரையின் பலகைச் சிறுவர்கள்

என்னிடம் முதுகலைத் தமிழ் பயின்று, இப்போது மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் நீண்ட மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தார். சென்னையை அடுத்த கோவளத்தில் சில ஆண்டுகளாக அலைச்சறுக்குப் பழகிவருபவர். மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாக மூன்று வாரம் பயணம் செய்து அங்குள்ள அலைகளில் பலகையேற வேண்டும் என்பது அவருடைய திட்டம். இணைப்பில் ஓர் அட்டவணை. ஊர், கடல்நீரின் வெப்பம், அலை வரும் திசை, உகந்த மாதம், தங்குமிடம், தடுப்பூசி என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வரலாறு'. அதில் எல்லா ஊர்களுக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருந்தது: 1960களில் அமெரிக்கர் இருவர் இவ்விளையாட்டைக் கொண்டுவந்தனர். 'ஐயா, இதற்குமேல் ஏதேனும் உண்டா?' என்று கேட்டிருந்தார்.

உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்ததுதான் இப்படிக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

முதலில் கரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கானா நாட்டின் கடற்கரையை ஐரோப்பியர் பொற்கரை என்றழைத்தனர். கினி வளைகுடாவைப் பார்த்துத் தெற்கு நோக்கி அமைந்த கரை அது. அங்கு உடையும் அலைகள் அங்குப் பிறந்தவை அல்ல. தென் அட்லாண்டிக்கின் அடிக்கோடியில், குளிர்ந்த அட்சரேகைகளில் வீசும் புயல்கள் எழுப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, வழியில் சிறு அலைகளை உதிர்த்து, சீரான இடைவெளியுள்ள நீண்ட வரிசைகளாக வந்து சேர்கின்றன. தெற்கில் குளிர்காலமாகிய மே முதல் செப்டம்பர் வரை அவற்றின் வலு அதிகம். ஆண்டின் பெரும்பகுதியில் கடல்நீர் 27, 28 பாகை செல்சியஸில் இருக்கும். சூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் அடியாழத்துக் குளிர்நீர் மேலெழுந்து நான்கைந்து பாகை இறங்கும். நீராடுவோர் அதைக் கண்டு முகம் சுளிக்கலாம். மீனவருக்கு அதுவே அறுவடைக் காலம். மேலெழும் நீரோடு வரும் சத்தை உண்ண மத்தி மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையருகே வருவது அப்போதுதான்.

இந்தக் கரையின் பெருங்குறை இயற்கைத் துறைமுகம் இன்மை. நெடுகிலும் மணல்; திறந்த கடல்; ஓயாமல் உடையும் அலை. கப்பல்கள் ஒரு கல் தொலைவுக்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நிற்க வேண்டும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே நுரைத்துக் கொந்தளிக்கும் அந்தப் பட்டையைக் கடப்பதுதான் ஐந்நூறு ஆண்டுகளாக அங்கு எல்லாருக்கும் இருந்த முதற்பெரும் சிக்கல்.

நமக்கு இது புரியாத செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும்வரை சென்னையும் இப்படித்தான் இருந்தது. கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, படகோட்டிகளின் தயவில், நனைந்து நடுங்கிக் கரையேறாத வெள்ளைக்காரர் இல்லை. கரையில் உடையும் அலையைக் குறிக்கும் 'சர்ஃப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி அகராதியாளர் சொல்வது வியப்பூட்டும். பதினேழாம் நூற்றாண்டில் அது எழுத்தில் வரத் தொடங்கும்போது இந்தியக் கரையைக் குறித்தே வழங்கியதாம். வேர் எதுவென்று உறுதியாகவில்லை. இந்திய மொழியொன்றிலிருந்து போயிருக்கலாம் என்ற ஊகமும் உண்டு. ஊகத்தின் மேல் மாடி கட்ட வேண்டாம். ஆயினும், அலையை விளையாட்டாகக் காண்பதற்கு நெடுங்காலம் முன்பே, கரையிறங்கவொட்டாமல் தடுக்கும் தடையாக அந்தச் சொல் ஆங்கிலேயரின் வாயில் புகுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

திறந்த கரையில் கப்பல்காரனுக்கு உதவக்கூடியது பாறைமுனை ஒன்றே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை அலையை வளைக்கிறது. அதன் மறைவில் சற்றே அமைதியான நீர் கிடைக்கிறது. அங்கே தோணிகள் ஒதுங்கலாம். ஆகவே ஐரோப்பியர் தங்கள் கோட்டைகளை இத்தகைய முனைகளையும் மேடுகளையும் தேடித் தேடிக் கட்டினர். போர்த்துக்கீசியர் 1482இல் எல்மினாவில் எழுப்பியதே முதற்கோட்டை. 1637இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அக்ராவில் மட்டும் ஒல்லாந்தர், டேனியர், ஆங்கிலேயர் என மூவருக்கும் அடுத்தடுத்துக் கோட்டைகள். மேற்கே போனால் புட்ரே, டிக்ஸ்கோவ், பிராண்டன்பர்க் செர்மானியர் 1683இல் கட்டத் தொடங்கிய கிராஸ் பிரீட்ரிக்ஸ்பர்க். 1979இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இப்போது மாணவரின் அட்டவணைக்கு வருவோம். அலைச்சறுக்குக்காரர் தேடுவதும் பாறைமுனையைத்தான். முனையைச் சுற்றி வளைந்து வரும் அலை ஒரே நேரத்தில் மொத்தமாகக் கவிழாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல உடைந்துகொண்டே போகும்; பலகையில் நிற்பவனுக்கு நெடுந்தூரம் சறுக்கக் கிடைக்கும். அவர் குறித்திருந்த ஊர்களுள் புசுவா, டிக்ஸ்கோவுக்கும் புட்ரேவுக்கும் நடுவே இருக்கிறது. இரண்டிலும் கோட்டை. செனகலின் தலைநகர் டக்காரை ஒட்டிய ங்கோர் தீவு அவருடைய பட்டியலில் முதலிடம். அதே தீபகற்பத்தின் மறுபுறம் கோரேத் தீவு. விடுமுறைக்காக வரைந்த வரைபடத்தையும் அடிமை வணிகத்தின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் புள்ளிகள் இவ்வளவு நெருங்கி விழுவது தற்செயல் அன்று. இரண்டையும் வரைந்தது ஒரே பாறை, ஒரே அலை.

இனிச் சாட்சிகள். 1602இல் வெளிவந்த பீட்டர் டி மாரீஸ் என்னும் ஒல்லாந்தரின் நூல், பொற்கரை மக்களின் நீச்சல் திறனை வியந்து பேசுகிறது. அக்கால ஐரோப்பிய மாலுமிகளில் பெரும்பாலோர் நீந்தத் தெரியாதவர்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த வியப்பின் அளவு விளங்கும்.

பலகை முதன்முதலில் வருவது மிகாயெல் ஹெம்மர்சாம் என்பவரின் குறிப்பில். நியூரம்பர்க் நகரத்துப் பொற்கொல்லர். பொன் விளையும் கரையைத் தேடிப் போனதில் பொருத்தம் இருக்கிறது. ஒல்லாந்து மேற்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக 1639 முதல் 1645 வரை எல்மினாவில் இருந்தார். அவருடைய பயண நூல் 1663இல் அச்சாயிற்று. அவ்வூர்ப் பெற்றோர் தம் குழந்தைகளைப் பலகைகளில் கட்டி நீரில் விடுவதாக அதில் எழுதுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே எல்மினாவைக் கண்ட பிரெஞ்சு வணிகர் ழான் பார்போவின் குறிப்பு இன்னும் தெளிவானது. நூற்றுக்கணக்கான சிறுவரும் சிறுமியரும் கரைக்கு முன்னே, புரண்டு உடையும் அலைகளுக்கு நடுவே, வயிற்றுக்கடியில் பலகைத் துண்டையோ நாணல் கட்டையோ வைத்துக்கொண்டு விளையாடுவதை அவர் விவரிக்கிறார். அவருடைய நூலின் ஆங்கில வடிவம் 1732இல், அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து வெளிவந்தது.

(நாணல் கட்டு என்றதும் புனலாட்டுப் பாடல்களில் வரும் புணை நம்மவர்களுக்கு நினைவு வரும். அது ஆற்று நீர் விளையாட்டு. சங்கத் தமிழரே உலகின் முதல் அலைச்சறுக்கு வீரர்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாமென்று வேண்டிக்கொள்கிறேன்.)

என்னை மிகவும் ஈர்த்த சாட்சி மூன்றாமவர். ஜேம்ஸ் எட்வர்ட் அலெக்சாண்டர், ஸ்காட்லாந்துக்காரர், படையதிகாரி, ஓயாத ஊர்சுற்றி. எகிப்தியக் கல்தூண் ஒன்றை இலண்டன் தேம்ஸ் நதிக்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் பிற்காலத்தில் பாடுபட்டவரும் இவரே. 1830களின் நடுவில் தாலியா என்னும் போர்க்கப்பலில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் சென்ற இவர், 1837இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பயண நூலில் அக்ராவின் கடற்கரைக் காட்சி ஒன்றைப் பதிந்திருக்கிறார். சிறுவர்கள் இலேசான பலகைகளை வயிற்றுக்கடியில் வைத்துக் கடலுக்குள் நீந்திப் போகிறார்கள். அலை வரும்வரை காத்திருக்கிறார்கள். வந்ததும் அதன் முகட்டில் ஏறி ஒரு மேகம்போல் உருண்டு கரைக்கு வருகிறார்கள். பாறைகளின் பின்னாலிருந்து சுறா பாய்ந்து கவ்விவிடுவதும் உண்டு என்று தனக்குச் சொல்லப்பட்டதையும் குறிக்கிறார்.

இவரிடம் எனக்கு அக்கறை மிகுந்ததற்குக் காரணம் அவருடைய முன்கதை. 1820இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து, சென்னைக்கு வந்து, ஆளுநர் தாமஸ் மன்றோவின் மெய்க்காவல் படையில் பணியாற்றியவர் அலெக்சாண்டர். 1825இல் கம்பெனிச் சேவையை விட்டார். அந்நாளில் சென்னைக்கு வந்த எவரும் கப்பலிலிருந்து நேரே படியிறங்கியிருக்க முடியாது. கட்டுமரக்காரர்கள் அலைமேல் ஏறி இறங்குவதைப் பாராமல் இருந்திருக்கவும் முடியாது. அக்ராவின் உடையலையைப் பார்த்த கண் அலைக்குப் புதிய கண் அல்ல. ஆகவே அவர் அலை என்றால் அலை, காத்திருந்தார்கள் என்றால் காத்திருந்தார்கள்.

இச்சாட்சிகளை எடைபோடுவதில் சற்று நிதானம் வேண்டும். ஹெம்மர்சாமை மேற்கோள் காட்டி, 1640களிலேயே ஆப்பிரிக்காவில் அலைச்சறுக்கு இருந்தது, உலகிலேயே அதுதான் முதற்பதிவு என்று இணையத்தில் பலர் முழங்குகின்றனர். தாகித்தியில் ஜோசப் பேங்க்ஸ் அலை விளையாட்டைக் கண்டது 1769இல். ஹவாய்த் தீவில் கேப்டன் குக்கின் கப்பலைச் சேர்ந்த ஜேம்ஸ் கிங் கண்டு எழுதியது 1779இல். எனவே ஆண்டுக்கணக்கில் எல்மினாவே முந்துகிறது என்பது வாதம். ஆனால் குழந்தையைப் பலகையில் கட்டி நீரில் விடுவது நீச்சல் பழக்குவதாகவும் இருக்கலாம். ஹெம்மர்சாம் அலையைப் பிடித்துச் சறுக்குவதைச் சொல்லவில்லை. பார்போவும் நீச்சல் கற்பதாகவே புரிந்துகொண்டிருக்கிறார். ஆனால் அமைதியான கழி பக்கத்திலேயே இருக்க, உடையும் அலைக்கு நடுவே பலகையோடு போகிறவர்கள் நீச்சலுக்காக மட்டும் போனார்கள் என்று நம்புவது கடினம். அலெக்சாண்டர் விவரிப்பதில் ஐயத்துக்கே இடமில்லை. காத்திருத்தலும் அலையேறலும் இருந்தால் அது அலைச்சறுக்கு. நின்று சறுக்கினார்களா, படுத்துச் சறுக்கினார்களா என்பது வேறு பேச்சு.

யார் முந்தி என்ற ஓட்டப்பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இது: இருநூறு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு நாட்டவர் மூவர், ஒருவரையொருவர் அறியாதவர், ஒரே கரையில் பலகையோடு கடலில் கிடந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் கொண்டுவந்து கொடுக்காத விளையாட்டு. தந்தையின் தோணி அன்றாடம் கடக்கும் அலையைப் பிள்ளை விளையாட்டாகப் பழகிக்கொண்டது.

அந்தத் தோணியைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. பேசினால் கதை கசக்கும். வாவா போன்ற பெருமரங்களைக் குடைந்து செய்த தோணியில், அலைவரிசையை எண்ணி, தருணம் பார்த்துத் துடுப்பு வலித்து, நுரைப்பட்டையைத் தாண்டும் வித்தை ஃபான்டி, கா இனத்து மீனவர்களிடம் இருந்தது. ஐரோப்பியரிடம் இல்லை. பீரங்கி வைத்த கோட்டைக்காரன் தன் கப்பலுக்குப் போக வேண்டுமென்றால் உள்ளூர்த் தோணிக்காரனிடம் கூலி பேசியே ஆகவேண்டும். கூலியில் திருப்தியில்லாவிட்டால் தோணிக்காரன் என்ன செய்வான்? கவிழ்ந்துவிட்டால் அலையைத்தானே பழி சொல்ல முடியும்!

ஆனால் அந்தத் தோணிகள் ஏற்றிச் சென்றது பொன்னையும் தந்தத்தையும் மட்டுமா? எல்மினா, கேப் கோஸ்ட் கோட்டைகளின் நிலவறைகளில் அடைபட்டிருந்த மனிதர்கள் கப்பலுக்குப் போனதும் இதே தோணிகளில், இதே அலைமேல்தான். இன்றைய பெனின் நாட்டிலுள்ள உய்தா துறையில் அலை இன்னும் கொடியது. அங்குள்ளோருக்குக் கடல்தோணிப் பழக்கமும் குறைவு. ஆகவே அடிமைக் கப்பல்கள் முதலில் பொற்கரையில் நின்று தோணியையும் தோணிக்காரரையும் கூலிக்கு அமர்த்திக்கொண்டு கிழக்கே போயின. தோணி கவிழ்ந்தால் தோணிக்காரன் நீந்திக் கரைசேர்வான். விலங்கிடப்பட்டவன் என்ன செய்வான்? திறமை என்பது தூய்மையானதொன்று, அதைக் கையாள்வோர் மட்டுமே பழிக்குரியோர் என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். அலையைக் கடக்கத் தெரிந்த அந்தக் கைகள் இல்லாமல் இந்தக் கரையில் அந்த வணிகம் ஒருநாள்கூட நடந்திராது என்பதை மறைக்கவும் கூடாது. உள்நாட்டிலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்ட ஒருவன் அலையை முதன்முதலில் கண்ட நாள்தான் அவன் தன் கண்டத்தில் இருந்த கடைசி நாள். அதே மணலில், சற்றுத் தள்ளி, மீனவப் பிள்ளைகள் பலகையோடு கத்திக் கும்மாளமிட்டிருக்கலாம். பார்போ இரண்டையும் கண்டவர். தாமே அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர்.

1807இல் பிரித்தானியர் அடிமை வணிகத்தைத் தடைசெய்தனர். அடுத்த நூற்றாண்டில் தோணிகளும் அலைப்படகுகளும் வேறு சரக்கை ஏற்றின. முதலில் பாமாயில், பிறகு கொக்கோ. பொற்கரை உலகின் முதன்மைக் கொக்கோ விளைநிலமான காலத்தில், அக்ராவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொக்கோ கப்பலேறியது இப்படகுகளில்தான். 1928இல் தக்கோராடியில் ஆழ்துறைமுகம் திறந்தனர். அக்ராவின் படகு வேலை பின்னும் நீடித்தது. அக்ராவுக்குக் கிழக்கே தேமா துறைமுகம் 1962இல் திறக்கப்பட்ட பிறகே அது முடிவுக்கு வந்தது.

இந்த 1962ஐ அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டே கதைக்குள் அமெரிக்கர் வருகிறார்கள்.

புருஸ் பிரவுன் என்னும் கலிஃபோர்னிய இளைஞர், ராபர்ட் ஆகஸ்ட், மைக் ஹின்சன் என்ற இரு அலைச்சறுக்குக்காரரை அழைத்துக்கொண்டு கோடையைத் துரத்தி உலகைச் சுற்றி எடுத்த படம் 'தி எண்ட்லெஸ் சம்மர்'. தென்னாப்பிரிக்கா போய்த் திரும்புவதைவிட உலகைச் சுற்றிவரும் விமானச் சீட்டு ஐம்பது டாலர் மலிவாகக் கிடைத்ததால்தான் படம் உலகப் பயணமாக மாறிற்று என்று பிரவுன் சொல்லிவந்தார். ஐம்பது டாலர் மிச்சம் பிடித்ததில் ஒரு விளையாட்டின் வரலாறே வேறுவிதமாக எழுதப்பட்டுவிட்டது! 1963ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளம்பிய அவர்கள் டக்காரில் இறங்கி, பின் கானாவுக்கு வந்து, அக்ராவை ஒட்டிய லபாடிக் கரையில் பலகையேறினர். ஊர் மக்கள் திரண்டு வேடிக்கை பார்க்கின்றனர். பிள்ளைகள் பலகை மேல் தொற்றிக்கொள்கின்றனர். அலைச்சறுக்கு என்ற ஒன்றையே கண்டிராத ஊர் என்று பின்னணிக் குரல் வேடிக்கையாக விவரிக்கிறது. 1966இல் பரவலாக வெளியான அப்படம் உலகெங்கும் ஓடியது. என் மாணவரின் அட்டவணையிலிருந்த ஒற்றை வரி அங்கிருந்து வந்ததுதான்.

படம் கெட்ட எண்ணத்தோடு எடுக்கப்பட்டதென்று நான் சொல்ல மாட்டேன். பார்க்க இன்பமான படம். அவர்கள் நின்று சறுக்கும் நீண்ட பலகை அந்த ஊருக்குப் புதிதாகவே இருந்திருக்கும். ஆனால் கேமரா வருவதற்கு ஓராண்டு முன்புவரை அக்ராவின் படகோட்டிகள் சில கல் தொலைவில் அலையைப் படித்துப் படித்துச் சரக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்று வாய்பிளந்ததாகக் காட்டப்படும் கூட்டத்தில், அலையைப் பற்றி அந்த இருவருக்கும் பாடம் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களிடம் யாரும் மைக்கை நீட்டவில்லை. அலெக்சாண்டரின் நூலைப் புரட்டிப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அதே படம் தென்னாப்பிரிக்காவின் வெதுவெதுப்பான கிழக்குக் கரைக்கும் போகிறது. அங்கே சுறாவும் கடற்பன்றியும் இன்னும் ஒன்றாகக் கலந்து வாழத் தொடங்கவில்லை என்ற பொருளில் இனஒதுக்கலை வைத்து ஒரு நகைச்சுவை வரும். திரையரங்கில் சிரித்திருப்பார்கள். கரையில் அது சிரிப்பாக இல்லை. 1953இல் இயற்றிய சட்டம் கடற்கரைகளையும் இனவாரியாகப் பிரிக்க வழிசெய்தது. 1990 வரை நீடித்தது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் போய் இறங்கிய கரும்புத்தோட்டத் தமிழரின் வழிவந்தோருக்கும் டர்பனில் ஒதுக்கப்பட்ட தனிக் கரைதான். 1972இல் டர்பன் போட்டிக்கு வந்த ஹவாய்த் தீவின் புகழ்பெற்ற வீரர் எட்டி அய்காவுக்கு, தோல் கறுப்பு என்பதால், விடுதியில் அறை மறுத்தார்கள். அலைச்சறுக்கின் தாய்வீடு என்று உலகம் கொண்டாடும் தீவுக்காரருக்கு! 1985இல் டாம் கரோல், மார்ட்டின் பாட்டர், டாம் கர்ரன் ஆகிய முன்னணி வீரர்கள் அந்நாட்டுப் போட்டிகளைப் புறக்கணித்தனர்.

ஹவாய்க்குக் கிடைத்த நினைவு பொற்கரைக்குக் கிடைக்காதது ஏன்? ஹவாயில் அது அரசர்களும் ஆடிய விளையாட்டு. மிஷனரிகளின் ஏச்சைத் தாண்டியும் பிழைத்தது. 1907இல் ஜாக் லண்டன் அங்கே போய்ப் பலகையேறிப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் எழுதினார். சுற்றுலாக்காரர் வந்தனர். ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு 1914இல் ஆஸ்திரேலியா சென்று அதை நிகழ்த்திக் காட்டினார். பொற்கரையிலோ அது பிள்ளைகள் விளையாட்டு; பிள்ளை வளர்ந்ததும் பலகையை விட்டுத் துடுப்பைப் பிடிக்கும். பிள்ளை விளையாட்டை யார் ஆவணப்படுத்துகிறார்கள்? நம்மூர்க் கிட்டிப்புள்ளுக்கு எத்தனை கல்வெட்டு இருக்கிறது? இதற்கு மேல், கறுப்பர்கள் தண்ணீருக்கு அஞ்சுகிறவர்கள் என்ற கட்டுக்கதையை அமெரிக்கா நெடுநாள் நம்பியது. நீச்சல் குளங்களின் வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, அவர்களுக்கு நீந்தத் தெரியாது என்றும் சொன்னது. பழைய பயண நூல்களில் சிதறிக் கிடந்த வரிகளைத் திரட்டி, ஆப்பிரிக்கரின் நீர்வாழ்வை ஒரு வரலாறாகக் கோத்தவர் கெவின் டாசன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர். அவருடைய 'அண்டர்கரண்ட்ஸ் ஆஃப் பவர்' 2018இல்தான் வெளிவந்தது. ஹெம்மர்சாம் விஷயத்தில் அவரளவு துணிய எனக்கு மனமில்லை. மற்றபடி இத்துறையில் முதலில் படிக்க வேண்டிய நூல் அதுவே.

பலகை அறுந்துபோகவில்லை என்பதற்கு வேறிடத்தில் சான்று கிடைத்தது. கினி வளைகுடாவிலுள்ள சாவோ தோமே தீவில், வெளியுலக அலைச்சறுக்குக்காரர் காலெடுத்து வைத்தபோது, ஊர்ப்பிள்ளைகள் தாங்களே செதுக்கிய மரப்பலகைகளில் அலையேறிக்கொண்டிருந்தனர். அதைக் கண்ட அமெரிக்க இதழாளர் சாம் ஜார்ஜ் எடுத்த ஆவணப்படம் 2007இல் வெளியானது. பிரவுனின் படத்துக்கு நாற்பதாண்டு கழித்து வந்த மறுமொழி என்று அதைச் சொல்லலாம்.

மாணவரின் பட்டியலில் லைபீரியாவின் ராபர்ட்ஸ்போர்ட்டும் இருந்தது. 2003இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த ஊர் உலக அலைச்சறுக்குக்காரரின் கண்ணில் பட்டது. அங்கே போய்ச் 'கண்டுபிடித்தோம்' என்று எழுதுவோர் இன்றும் குறையவில்லை. செனகலில் நிலைமை மேல். ங்கோர் அலையில் இன்று முன்னிற்பவர்கள் அவ்வூராரே. நாட்டின் முதல் தொழில்முறை வீராங்கனையாக அறியப்படும் கஜூ சம்பே, அக்கரையின் பூர்வ மீனவராகிய லெபு இனத்தவர்.

அட்டவணைக்கு என் பங்காகச் சில திருத்தங்களும் அனுப்பியிருக்கிறேன். கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். மலேரியா மாத்திரையை மறக்கக் கூடாது. அக்ராவிலிருந்து புசுவா சுமார் 250 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓடாமல் கேப் கோஸ்ட்டிலும் எல்மினாவிலும் ஒவ்வொரு நாள் தங்க வேண்டும். பலகையை விடுதியில் வைத்துவிட்டு நிலவறைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். கடலைப் பார்த்துத் திறக்கும் அந்தக் குறுகலான வாசலில் சற்று நேரம் நிற்க வேண்டும். மே, சூன் மாதங்களில் அக்ராவில் இருக்க நேர்ந்தால், ஹோமோவோ விழாவுக்கு முன்னோடியாகக் கா மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் முரசொலிக்கும் பெருஞ்சத்தத்துக்கும் தடை விதிப்பதை மதிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வுநாள் என்பது அவர்கள் மரபு. அன்று மீன்பிடிக்கத் தோணி இறங்காது. கரை முழுதும் தோணிகள் ஏற்றி வைத்திருக்கும். வலை பழுதுபார்க்கும் முதியவர்கள் ஓய்வாகப் பேசக் கிடைப்பார்கள். மூன்று வாரத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகள் வருகின்றன. அவற்றின் கட்டங்களில் அலையேற்றம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கரையில் உட்காருதல் என்று எழுதியிருக்கிறேன்.